அரைப்பேர்

மிஸ் வெல்பி வந்தது ஐப்பசி மழையில்.
கம்பளையிலிருந்து ஒரு மட்டக்குதிரை,
பின்னால் சுமைகாரர் மூவர்,
மடக்குக் கட்டில், சாயப்பெட்டி,
காளான்போல ஒரு பச்சைக் குடை.
புசல்லாவை தாண்டியதும் இறங்கி நின்று
விலை கேட்பவள்போல மலையைப் பார்த்தாளாம்.
குதிரைக்காரன் சொன்னான்.

துரை என்னைக் கூப்பிட்டார்.
"கணக்கப்பிள்ளை, அம்மா கேட்பதைக் கேள்.
அவர்கள் சொல்வதைச் சொல்.
இலை நோயைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே."
வட்டுக்கோட்டையில் படித்த என் இங்கிலீசு
அன்றுதான் முதல்முறையாக
அட்டைக்காட்டில் இறங்கியது.

"எவ்வளவு இளைய தேசம் இது!" என்றாள்.
பாதை புதிது, பாலம் புதிது,
காடு வெட்டி நாற்பது வருடம்கூட ஆகவில்லை,
தொட்டிலில் கிடக்கும் குழந்தைபோல, என்றாள்.
கோப்பி வரிசைகளுக்கு நடுவே
எரிந்த அடிமரங்கள் கறுப்பாக நின்றன.
அவற்றின் வயதை அவள் கேட்கவில்லை.
தொட்டிலை நான் தமிழில் சொல்லவில்லை.
லயத்தில் அந்த வாரம்
இரண்டு தொட்டில்களை அவிழ்த்திருந்தார்கள்.

ஓர் இலையைக் கிள்ளித் திருப்பினாள்.
அடிப்புறம் முழுக்கக் காவிப்பொடி.
"உங்களுக்கும் இலையுதிர்காலம் உண்டா?"
கங்காணி மூக்கைச் சொறிந்தான்.
"ஆம் மேடம், நல்ல நிறம்" என்றேன்.
கையுறை விரல்கள் மஞ்சளாக,
குறிப்புப் புத்தகத்துக்குள் அதை வைத்து மூடினாள்,
தோட்டத்தின் சாவை
பூப்போல.

ஏழாம் நம்பர் மலையில்
பழம் பறித்துக்கொண்டிருந்தவளைக் காட்டி
நிற்கச் சொல் என்றாள்.
நின்றாள்.
சாக்கை இறக்க வேண்டாம். முகத்தை இந்தப் பக்கம்.
மழை விட்டது, வந்தது, விட்டது.
கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கக் குனிந்தபோது
"அசையாதே!"
அந்த ஒரு சொல்லை
ஒரு எழுத்தும் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

எப்படி இந்த நாட்டுக்கு வந்தாய்?
"நடந்துதான். ஒம்பது பேரு கெளம்புனோம்.
மாத்தளைக்கு வந்து சேந்தது நாலு."
நான் சொன்னது: நடந்து வந்தார்கள், மேடம்.
மிஸ் எழுதினாள்:
நடப்பதில் பிரியமுள்ள சனம்.

கடைசியாக, பென்சிலைச் சீவிக்கொண்டே,
உன் பேர் என்ன?

அவள் பக்கத்து வரிசைக்காரிகளைப் பார்த்தாள்,
எல்லாரும் மேட்டைத் தாண்டிவிட்டார்கள்.
தன் சாக்கைப் பார்த்தாள்,
பாதிகூட இல்லை.
பிறகு என்னைப் பார்த்தாள், செக்ரோல் எழுதும் என் கையை.
"வேறென்ன? இன்னிக்கு அரைப்பேருதான்."

"அரப்பே?" என்றாள் மிஸ்.
நாக்கில் கல்கண்டு வைத்ததுபோல மறுபடியும்,
"அரப்பே. எத்தனை இனிமை!"
விளக்கலாம்தான்.
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி,
உங்கள் படம் அதில் பாதியைத் தின்றுவிட்டது என்று.
துரை குதிரைமேல் காத்திருந்தார்.
தலையை ஆட்டினேன்.

நாலு வருடம் கழித்து லண்டனிலிருந்து புத்தகம் வந்தது.
துரை அப்போது இல்லை, கோப்பியும் இல்லை.
பார்சலைப் பிரித்தவன் நான்தான்.
நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் நிற்கிறாள்.
சாக்கு பிதுங்க நிறைந்திருக்கிறது.
கணுக்காலுக்குக் கீழே
பாதம் வரையாமல் பனிமூட்டம்.
அடியில் சாய்ந்த எழுத்தில்:
அரப்பே, இளைய தேசத்தின் மகள்.
எனக்கும் ஒரு வரி உண்டு.
"தேறிய இங்கிலீசு பேசும் சுதேசி ஒருவன்."

பழைய செக்ரோல் பெட்டியை இழுத்தேன்.
கரையான் தின்றது போக
அந்த ஐப்பசி எஞ்சியிருந்தது.
என் கையெழுத்து, என் மை:
இருளாயி. ஏழாம் நம்பர்.
அரை.